ஒன்பது விநாடி இருட்டு

மதியம் மூன்று மணி நெருங்கினால் பிரிசில்லாவால் நாற்காலியில் உட்கார முடிவதில்லை. ஜன்னலுக்குப் போவாள், திரைக்கு வருவாள், மறுபடி ஜன்னல். திரையில் அறுபத்து மூன்று பச்சைப் புள்ளிகள் இருக்கும். ஒவ்வொரு புள்ளியும் திருச்சியில் எங்கோ ஓரிடத்தில் நடமாடிக்கொண்டிருக்கும் ஒரு மனிதர். மூன்றுக்கும் மூன்றரைக்கும் நடுவே ஏதோ ஒரு நிமிடத்தில் திரை சிவந்துவிடும். ஒன்பது விநாடி கழித்து மறுபடி பச்சையாகும்.

அந்த ஒன்பது விநாடியும் அவர்களுக்குக் கண் தெரியாது.

அவள் வேலை பார்த்தது ஒரு தனியார் மருத்துவமனையின் பார்வைப் பிரிவில். பார்வையை இழந்தவர்களுக்கு மூளையின் பின்பக்கத்தில் ஒரு மின்னணுச் சில்லு வைப்பார்கள். மூக்குக் கண்ணாடியில் கேமரா. இரண்டுக்கும் நடுவே காதுக்குப் பின்னால் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. அந்தப் பெட்டி ஒரு கணினி. எல்லாக் கணினியையும் போல அதற்குள்ளும் ஓர் இயங்குதளம் உண்டு, எல்லா இயங்குதளத்தையும் போல அதுவும் சில சமயம் முடங்கிப்போய்த் தானாக மறுபடி தொடங்கும். வீட்டுக் கணினி அப்படிச் செய்தால் எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். இது கண்.

ஆறு வாரமாக, ஞாயிற்றுக்கிழமை தவிர, அநேகமாகத் தினமும் ஒருமுறை இது நடந்துகொண்டிருந்தது. இரண்டாவது வாரம் பாலக்கரையில் பஜ்ஜிக் கடை வைத்திருக்கும் பால்ராஜின் வலது கை முழங்கை வரை எண்ணெயில் வெந்துபோனது. அவர் மாவில் முக்கிப் போட்ட நேரத்தில் சட்டி காணாமல் போய்விட்டது. ஐந்தாவது வாரம் சுகந்தி என்ற பெண் சாலையின் நடுவில் நின்றுவிட்டாள். ஒரு பைக் மோதியதில் அவளுக்கு இடுப்பெலும்பு முறிந்தது.

முதலில் வெயில் என்று நினைத்தார்கள். பிறகு புதிதாக ஏற்றிய மென்பொருள் என்று நினைத்துப் பழையதையே திரும்ப ஏற்றினார்கள். பெட்டிகளை இணைக்கும் அலைபேசிக் கோபுரத்தை மாற்றினார்கள். எதற்கும் அது அசையவில்லை. பெட்டி முடங்கும்போதெல்லாம் அந்த நொடியில் தன் கையில் என்ன இருந்ததோ அதையெல்லாம் ஓர் அறிக்கையாக எழுதி மருத்துவமனைக்கு அனுப்பிவிடும். பிரிசில்லா அந்த அறிக்கைகளை நூற்றுக்கணக்கில் திறந்து முதல் பத்து வரிகளைப் படித்தாள். எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: கோப்புப் பகிர்வில் காத்திருந்தபோது முடங்கியது.

கோப்புப் பகிர்வு அவளுடைய யோசனை.

மூன்று வருடத்துக்கு முன் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். பிறவியிலோ சிறுவயதிலோ பார்வை போனவர்களுக்குக் கண் கிடைத்தாலும் உலகம் வெறும் வெளிச்சமும் திட்டுகளுமாகத்தான் இருக்கும். படி என்றால் எது, அதன் நிழல் எது என்று பெட்டி பழகுவதற்கே நான்கு மாதம் ஆனது. ஒருவர் கற்றதை எல்லோருக்கும் கொடுத்தால் என்ன என்று பிரிசில்லா கேட்டாள். அன்றிலிருந்து ஒவ்வொரு பெட்டியும் தான் கற்றதை ஒரு பொதுக் கோப்புறையில் போட்டது. நோயாளிகள் அதைப் பொதுப்பெட்டி என்று சொன்னார்கள். ஒருவர் டவுன் பஸ்ஸின் எண்ணைப் படிக்கப் பழகினால் மறுநாள் அறுபத்து மூன்று பேரும் படித்தார்கள். யாரும் எதையும் தனியாகப் பகிர வேண்டியதில்லை, எல்லாம் தானாகவே போய்ச் சேரும். அப்படி அமைத்ததும் அவள்தான்.

சுகந்தி விழுந்த மறுநாள் பிரிவின் தலைவர் டாக்டர் சடகோபன் பிரிசில்லாவைக் கூப்பிட்டார். கோபப்படவில்லை. வரும் திங்கட்கிழமைக்குள் காரணம் தெரியவில்லை என்றால் பகிர்வை அடியோடு நிறுத்திவிட்டு, எல்லாப் பெட்டியையும் இங்கிருந்தே அணைத்துத் தொடங்கிவிடலாம் என்றார். பிரிசில்லா பத்துப் பேருக்கு மட்டும் பகிர்வை நிறுத்திப் பார்த்தாள்.

அந்தப் பத்தில் பால்ராஜும் ஒருவர். வியாழன் காலை கட்டுப்போட்ட கையோடு வந்து நின்றார்.

"படி இருக்குன்னு தெரியுது மேடம். எத்தினின்னு தெரியல. பஸ்ஸு தெரியுது, நம்பரு இல்ல. என் பொண்டாட்டி எதிர்ல வந்து நின்னா, குரலை வெச்சுத்தான் கண்டுபிடிச்சேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒம்பது விநாடிக்கு நான் சட்டிகிட்ட போகாம இருந்துக்கறேன். அதைத் திருப்பிக் குடுத்துடுங்க" என்றார்.

ஒரே ஒரு நாள் பொறுத்துக்கொள்ளச் சொல்லி அவரை அனுப்பிவைத்தாள். அன்று மதியம் மூன்று பதினேழுக்குத் திரை சிவந்தது. பகிர்வு இல்லாத பத்துப் புள்ளிகள் பச்சையாகவே நின்றன. பிரிசில்லா அவற்றை எண்ணினாள். பதினொன்று வந்தது. மறுபடி எண்ணினாள். பதினொன்று.

இத்தனை நாளும் சிவந்த புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்ததில், ஒன்று மட்டும் ஒருநாளும் சிவக்காமல் இருந்ததை அவள் கவனிக்கவில்லை. பதினேழாம் எண் பெட்டி. பதினான்கு மாதமாக அது ஒருமுறைகூட அணையவில்லை, புதிய மென்பொருள் எதையும் ஏற்றுக்கொள்ளவில்லை. முடங்கிய ஒவ்வொரு பெட்டியும் எதற்காகக் காத்திருந்தது என்று பின்தொடர்ந்துபோனால், கடைசியில் அந்தப் பதினேழாம் பெட்டியில் இருந்த ஒரே ஒரு கோப்பில் போய் நின்றது.

வெள்ளிக்கிழமை காலை ஸ்ரீரங்கத்தில் அந்த வீட்டைக் கண்டுபிடித்துப் போனாள். பெட்டிக்குரியவர் பெயர் உலகநாதன், வயது ஐம்பத்திரண்டு. ஒரு வங்கியில் தொலைபேசி ஆபரேட்டராக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவர். கதவைத் திறந்தவர் அவளுக்கு நாற்காலியைக் காட்டிவிட்டு எதிரில் உட்கார்ந்தார். பேசும்போது அடிக்கடி கண்ணை மூடிக்கொண்டார்.

"சார், உங்க பெட்டி பதினாலு மாசமா ஒரு தடவைகூட அணையல. ஏன்னு கேக்கலாமா?"

"அணைச்சா அவ போயிடுவா" என்றார் உலகநாதன்.

பிறகு மெதுவாகச் சொன்னார். பத்தொன்பது வயதில் மூளைக்காய்ச்சலில் பார்வை போனது. முப்பது வயதில் கல்யாணம். மனைவி தையல்நாயகியோடு இருபது வருடம் வாழ்ந்தும் அவளைப் பார்த்ததில்லை. சில்லு வைக்க நாள் குறித்திருந்தபோதுதான் அவளுக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது தெரிந்தது. அவர் தள்ளிப்போடலாம் என்றார். அவள்தான் கூடாதென்று பிடிவாதமாக அவரைக் கொண்டுவந்து சேர்த்தாள். அவளைத் தொண்ணூற்று இரண்டு நாள் பார்த்தார். அவள் போன அன்று மருத்துவமனையில் அவரது பெட்டியின் சார்ஜ் தீர்ந்துகொண்டிருந்தது. அவள் முகத்தைப் பெட்டி சேமித்துக்கொண்டிருந்தது பாதியில் நின்றுவிட்டது. சேமிக்க முடியவில்லை என்று பெட்டி சொன்னது. ஆனால் திறந்திருந்த முகம் அப்படியே திறந்திருந்தது. அவசரமாகச் சார்ஜ் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து அதை மூடவில்லை. குளிக்கும்போதும் தூங்கும்போதும் பெட்டிக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும்படி பார்த்துக்கொண்டார். கண்ணை மூடினால் கேமரா ஓய்ந்து, பெட்டியில் திறந்திருக்கும் கோப்பு மட்டும் தெரியும்; அங்கே அவள் இருந்தாள்.

"எந்தப் பக்கம் திரும்பினாலும் சிரிச்சுக்கிட்டு நிப்பா மா. அதே சிரிப்பு" என்றார்.

பிரிசில்லாவுக்கு எழுந்து போய்விடலாம் போல இருந்தது. ஆனால் சொல்ல வேண்டியிருந்தது.

"சார், உங்களுக்குத் தெரியாம ஒண்ணு நடக்குது. அந்த முகம் பொதுப்பெட்டியிலயும் இருக்கு. எல்லாரோடதும் தானா அங்க போற மாதிரி நான்தான் வெச்சேன். யாராவது அதைக் கேட்டா, உங்க பெட்டி கொஞ்சம் கொஞ்சமா குடுக்க ஆரம்பிக்குது, ஆனா சேமிச்சாத்தான் முழுசாக் குடுத்து முடிக்க முடியும். அதால சேமிக்க முடியல. கேட்டவங்ககிட்ட முடியலைன்னும் சொல்லத் தெரியல. பேசாம இருந்துடுது. கேட்டவங்க பெட்டி பதிலுக்குக் காத்துக்கிட்டே நிக்குது. அது நிக்கறதால அது கையில இருக்கற மத்த கோப்பையெல்லாம் கேட்டு இன்னொரு பெட்டி நிக்குது. அதுக்குப் பின்னால இன்னொண்ணு. கடைசியில எல்லாம் ஒண்ணா விழுந்துடுது. உங்களோடது யாருக்காகவும் காத்திருக்கல. அதனால உங்களுக்கு மட்டும் ஒண்ணும் ஆகல."

உலகநாதன் எத்தனை பேருக்கு அடிபட்டது என்று கேட்டார். சொன்னாள். பால்ராஜின் கையையும் சுகந்தியின் இடுப்பையும் மறைக்கவில்லை.

"நான் யாரையும் ஒண்ணும் பண்ணலையே மா" என்றார். "வீட்டுல உக்காந்து கண்ணை மூடிக்கிட்டு இருந்தேன்."

கிளம்பும்போது வாசல் வரை வந்தவர், அந்த முகத்தைத் தினமும் கேட்பது யார் என்று கேட்டார். பிரிசில்லாவிடம் பதில் இருந்தது. ஆனால் அந்த ஆளிடம் பேசாமல் பெயரைச் சொல்வது நியாயமில்லை என்று தோன்றியதால் திங்கட்கிழமை சொல்கிறேன் என்றாள்.

கேட்டது ஐம்பத்தொன்பதாம் எண் பெட்டி. அது ஹமீதாவுடையது. உறையூரில் சின்னதாக ஒரு தையற்கடை வைத்திருந்தவள், தனி ஆள். வயது நாற்பத்து நான்கு. சிறுவயதில் அம்மையில் பார்வை போய், விரலாலேயே அளந்து தைத்துப் பழகியவள். கண் வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. பிரிசில்லா ஸ்ரீரங்கத்திலிருந்து நேராக அங்கே போனாள். தினமும் மதியச் சாப்பாடு முடிந்து மூன்று மணிவாக்கில்தான் கடையில் கூட்டம் இருக்காது, அவள் பெட்டி அந்த முகத்தைக் கேட்டதும் அப்போதுதான். ஞாயிறு கடைக்கு விடுமுறை, தம்பி பிள்ளைகள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள்.

"ஹமீதாக்கா, பொதுப்பெட்டியில ஒரு முகம் இருக்கில்ல?"

ஹமீதா தையல் இயந்திரத்தை நிறுத்தினாள். மறுக்கவில்லை.

"கண்ணு வந்த புதுசுல அதுக்குள்ள என்னென்ன இருக்குன்னு ஒவ்வொண்ணா தொறந்து பாத்தேன். படி, பஸ்ஸு, நாயி, தண்ணிக் குழாய். ஒண்ணைத் தொறந்தா ஒரு பொம்பள என்னைப் பாத்துச் சிரிச்சா." துணியை மடித்து வைத்தாள். "எனக்கு யாரையும் தெரியாம இல்லை. கடைக்கு நூறு பேர் வர்றாங்க. தம்பி நல்லவன். ஆனா என்னைப் பாத்ததும் ஒருத்தருக்கு மூஞ்சி அப்படி மாறும்னு அதைப் பாத்தப்பதான் தெரிஞ்சுது. நாலு நிமிஷம் நிக்கும். அப்புறம் இருட்டிடும்."

பிரிசில்லா தயங்கிவிட்டு, அந்த இருட்டு ஏன் வருகிறது என்று அவளுக்குத் தெரியுமா என்று கேட்டாள்.

தெருவில் ஒரு ஆட்டோ நின்று, ஆள் இறங்கி, போகும் வரை ஹமீதா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாதுன்னு சொல்ல முடியாதும்மா. பால்ராஜ் அண்ணன் கை வெந்த நேரம் எதுன்னு சொன்னாங்க. எனக்கு இருட்டின நேரமும் அதேதான். ரெண்டு நாள் தொறக்கல. அப்புறம், அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்காதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அந்தப் பொண்ணு ரோட்டுல விழுந்தப்பவும் சொல்லிக்கிட்டேன்."

அவள் அழவில்லை. இனிமேல் திறக்கமாட்டேன் என்றாள். அன்று மூன்று மணிக்குத் திரை சிவக்கவில்லை.

டாக்டர் சடகோபனிடம் பிரிசில்லா நடந்ததை எல்லாம் சொன்னாள். ஹமீதா நிறுத்திவிட்டாள், இதோடு முடிந்தது, அந்த மனிதரை விட்டுவிடலாம் என்றாள். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஹமீதா ஆறு வாரத்துக்கு முன்பு திறந்ததைப் போல நாளைக்கு வேறொருவர் திறந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார். அதை மறைத்து வைத்தாலும், பதினான்கு மாதம் அணையாத பெட்டி எத்தனை நாள் தாங்கும், அது விழும்போது யாரையெல்லாம் இழுத்துக்கொண்டு விழும் என்று கேட்டார். ஒரு முகத்துக்காக இன்னொரு சுகந்தியை விழவிட முடியாது என்பது அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. உலகநாதனை வரவழைத்துப் பதினேழாம் பெட்டியை அணைப்பது திங்கள் காலை பத்து மணிக்கு என்று முடிவானது.

சனிக்கிழமை அவளால் வீட்டில் இருக்க முடியவில்லை. பேருந்தில் ஏறினாள், இரண்டு நிறுத்தத்தில் இறங்கினாள், திரும்பி அலுவலகத்துக்கே வந்தாள். ஹமீதாவின் பெட்டி அனுப்பிய அறிக்கைகளை அர்த்தமில்லாமல் ஒவ்வொன்றாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். நடுவே இரண்டு நாள் விட்டது போக முப்பத்து மூன்று அறிக்கைகள். ஆறு வாரமும் அவற்றில் முதல் பத்து வரிகளை மட்டுமே படித்திருந்தாள். அதற்குக் கீழே பல்லாயிரம் வரிகள் எண்ணாக இருந்தன. முடங்கும் நொடியில் பெட்டியின் கையில் என்ன இருந்ததோ அது.

முடங்கும் நொடியில் அதன் கையில் இருந்தது அந்த முகம்தான்.

முழுதாக இல்லை. இருட்டுவதற்குள் எவ்வளவு வந்து சேர்ந்ததோ அவ்வளவு. ஒருநாள் ஒரு பகுதி, மறுநாள் வேறொரு பகுதி. பிரிசில்லா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சனி முழுக்கவும் ஞாயிறு மாலை வரையும் அவற்றை வெட்டி, பொருத்தி, மறுபடி பிரித்து அடுக்கினாள். கடைசியில் கிடைத்தது எவ்வளவு என்று அவளுக்கே தெரியவில்லை. முகக் கோப்பு என்பது படம் இல்லை, ஒரு பெட்டி ஒரு மனிதரைப் பார்த்த ஆயிரக்கணக்கான நொடிகளின் தொகுப்பு. அதைத் திரையில் பார்க்க முடியாது. கண் பெட்டியில் ஏற்றினால்தான் தெரியும்.

திங்கள் காலை உலகநாதன் ஒன்பதரைக்கே வந்துவிட்டார். சலவைச் சட்டை போட்டிருந்தார். பிரிசில்லா ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். சில துண்டுகள் கிடைத்திருக்கின்றன. ஆனால் அதே கோப்பு திறந்திருக்கும்போது இதை ஏற்ற முடியாது. முதலில் மூட வேண்டும். மூடிய பிறகு இது சரியாக வராமலும் போகலாம்.

ஹமீதாவும் வந்திருந்தாள். வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. அறையின் ஓரத்தில் நின்றவள், அந்த முகத்தைக் கேட்டது தான்தான் என்று தானே சொன்னாள். உலகநாதன் அவள் பக்கம் திரும்பி அவளைப் பார்த்தார். கோபப்படுவார் என்று பிரிசில்லா பயந்தாள்.

"தினமும் பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"தினமும் பாத்தேங்க."

அவர் தலையசைத்தார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். மூச்சு ஒரே சீராக இருந்தது. பிறகு பிரிசில்லா செய்ய வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, காதுக்குப் பின்னால் இருந்த பொத்தானைத் தானே அழுத்தினார்.

சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது விநாடி போனது. அவர் கண்ணைத் திறந்து, வெளிச்சம் வந்துவிட்டது என்றார். மறுபடி மூடினார். உடனே திறந்துவிட்டார். பிரிசில்லா தொகுத்த கோப்பைப் பெட்டியில் ஏற்றினாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு நிமிடம் கடந்திருக்கும்.

"இந்த முகத்தை நான் பாத்ததே இல்லையே" என்றார்.

தவறாகப் பொருத்திவிட்டேன் என்று பிரிசில்லா நினைத்தாள். ஹமீதாவின் பெட்டிக்கும் அதே கோப்பை அனுப்பி, யார் என்று பார்க்கச் சொன்னாள். ஹமீதா கண்ணை மூடிக்கொண்டாள்.

"அவங்கதான்" என்றாள். "நெத்தி, கண்ணு, மூக்குல அந்த மச்சம், எல்லாம் அவங்கதான். ஆனா சிரிக்கல. உதட்டைக் கடிச்சுக்கிட்டு இருக்காங்க."

பிரிசில்லாவுக்கு மெல்லத்தான் புரிந்தது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் உலகநாதனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"சார், ஒருத்தரை எந்த முகத்தோட அதிகமாப் பாக்கறமோ அதைத்தான் பெட்டி எடுத்துக் காட்டும். மத்ததெல்லாம் உள்ளயே கிடக்கும். நீங்க திரும்பறப்ப அரை நொடி, கால் நொடி பட்டதெல்லாம் அடியில இருக்கும். எனக்குக் கிடைச்ச துண்டுகள்ல சிரிச்சது ரொம்பக் குறைச்சல். அடியில கிடந்ததுதான் நிறைய வந்திருக்கு. நீங்க பாத்ததுதான் இதுவும். பாத்தது உங்களுக்குத் தெரியல, அவ்வளவுதான்."

"நான் திரும்பறதுக்குள்ள மாத்திக்குவா போல" என்றார் உலகநாதன்.

இன்னும் இரண்டு நாள் கொடுத்தால் சிரித்த நொடிகளை மட்டும் பொறுக்கியெடுத்து மேலே கொண்டுவர முயன்று பார்க்கலாம் என்றாள் பிரிசில்லா. அவர் வேண்டாம் என்று கையசைத்தார். கண் மூடியே இருந்தது. நாற்காலியைச் சற்று முன்னால் நகர்த்திக்கொண்டார். முழங்கையை முழங்காலில் ஊன்றிக் குனிந்தார்.

ஹமீதா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே போனாள். பிரிசில்லாவும் எழுந்தாள். கதவை அவள் சாத்துவதற்குள், உலகநாதன் யாரையும் எழுப்பிவிடக் கூடாது என்பது போன்ற தணிந்த குரலில் பேசத் தொடங்கியிருந்தார்.

"நாயகி, ரொம்ப வலிக்குதா?"